அமோனியா எண்டா லோ ஸ்பினாம்!

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, எங்கே ஒரு இரசாயனவியல் டியூட்டைத் (டியூஷன் வகுப்புக் குறிப்பைத்) திறந்தாலும் இதே இரண்டு வரிதான்: "சயனைட்டு, அமோனியா வலிய லிகண்ட், லோ ஸ்பின். நீர், புளோரைட்டு நலிந்த லிகண்ட், ஹை ஸ்பின். பாடமாக்கவும்." இதைப் போட்டோக்கொப்பி அடித்துக் காசுக்கு வேறு விற்கிறார்கள்!

லிகண்ட் என்பது நடுவிலுள்ள உலோக அயனோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயன். உலோகத்தின் இலத்திரன்கள் கூடியளவு சோடி சேர்ந்தால் லோ ஸ்பின், கூடியளவு தனித்து நின்றால் ஹை ஸ்பின். லிகண்ட் தனியே எதையும் தீர்மானிக்கிறதில்லை ஐயா. எண்முகிச் சிக்கலில், அதாவது உலோகத்தைச் சுற்றி ஆறு லிகண்ட் நிற்கும்போது, உலோகத்தின் ஐந்து டி ஒபிற்றல்கள் (இலத்திரன் இருக்கும் இடங்கள்) சக்தியில் கீழே மூன்று, மேலே இரண்டு எனப் பிரியும். அந்தப் பிளவுச் சக்தி, இரண்டு இலத்திரனை ஒரே ஒபிற்றலில் சேர்க்க வேண்டிய சோடியாக்கும் சக்தியை விடப் பெரிதா சிறிதா? பெரிதென்றால் லோ ஸ்பின், சிறிதென்றால் ஹை ஸ்பின். கேள்வியே அவ்வளவுதான். பிளவோ உலோகத்தையும் அதன் ஏற்றத்தையும் பொறுத்தே மாறும்.

கோபாற்று(3), அதாவது 3+ ஏற்றமுள்ள கோபாற்று, ஆறு அமோனியா: பிளவு அலையெண்ணில் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 23,000, சோடியாக்க 21,000. கோபாற்றின் ஆறு டி இலத்திரனும் கீழே சோடி சேரும். லோ ஸ்பின். இப்போது அதே ஆறு அமோனியாவைக் கோபாற்று(2)க்குப் போடுங்கள். பிளவு 10,000 அளவுக்கு இறங்கிவிடும், சோடியாக்கவோ அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். ஹை ஸ்பின், சோடியாகாத இலத்திரன் மூன்று, காந்தத் திருப்பம் சூத்திரத்தின்படி 3.87 போர் மக்னற்றன் (அதன் அலகு). டியூட்டை நம்பிய பிள்ளை லோ ஸ்பின், சோடியாகாத இலத்திரன் ஒன்று என்று எடுத்து 1.73 என்று எழுதும். அந்தப் புள்ளியை யார் திருப்பிக் கொடுப்பது? "நலிந்த" நீரும் அப்படித்தான்: இரும்பு(2)வோடு ஹை ஸ்பின், கோபாற்று(3)வோடு லோ ஸ்பின்.

ஆய்வுகூடத்திலேயே இதைக் காட்டலாமே! கோபாற்று(2) குளோரைட்டுக் கரைசலுக்குச் செறிந்த அமோனியாவைத் துளித்துளியாக விட்டால் முதலில் வீழ்படிவு வரும். மிகையாக விட்டால் கரைந்து மஞ்சட்கபிலமாகும். குழாயை மூடாமல் வையுங்கள், வளி ஒட்சிசன் கோபாற்றை 3 ஆக ஏற்ற, நிறம் கடுத்துக் கபிலச்சிவப்பாகும். நிறமாற்றத்தைப் பாடமாக்க வைக்கிறார்கள், ஹை ஸ்பின் லோ ஸ்பினாகிறதை ஒரு வாய் சொல்கிறதில்லை.

நான்கு லிகண்ட் நிற்கும் நான்முகியில் பிளவு எண்முகியின் 4/9 அளவுதான், அதனால் அநேகமாக எப்போதும் ஹை ஸ்பின். எண்முகியில் டி இலத்திரன் 4 முதல் 7 வரை உள்ளவற்றுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வியே எழும். டி இலத்திரன் 8 உள்ள நிக்கல்(2) எண்முகிக்கும் ஹையா லோவா என்று கேட்டுப் பிள்ளையளை வதைக்காதீர்கள்.

அந்த இரண்டு வரியையும் வெட்டி எறிந்துவிட்டு உலோகம், ஒட்சியேற்ற எண், லிகண்ட், பிளவு, சோடியாக்கும் சக்தி என்று ஐந்து நிரலில் ஒரு அட்டவணை போடுங்கள். அரைப் பக்கம்கூட வராது.