கொத்தனாருக்கு எதுக்குங்க பிடிமண்?

எம்.ஏ. படித்தபோது ஆய்வேட்டுக்காக இருபது கேள்விகளை டைப் அடித்து எடுத்துக்கொண்டு சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். முதல் கேள்வி, ‘அய்யனாரும் சாஸ்தாவும் ஒன்றா?’. அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யும் வேளார் (குயவர்) பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது தெரியாது தம்பி. பிடிமண் வாங்கிட்டேன், இனி மழை வராம இருந்தாப் போதும்” என்றார். மிச்சம் பத்தொன்பதையும் நான் கேட்கவில்லை.

அய்யனாருக்கு நேர்ந்துகொண்ட மண்குதிரையை ஊர்வலமாகக் கொண்டுபோய் வைக்கும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் ஒரு பிடி மண்ணை வேளார் கையில் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அதை வாங்காமல் அவர் வேலையைத் தொடங்கமாட்டார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நாலு கால். அது இறுகினால்தான் வயிறு ஏறும். உள்ளே வெறும் கூடு. சூளையில் வெந்து, வர்ணம் பூசின பிறகும் அது பானைக்கு அண்ணன்தான். கண் திறந்தால்தான் சாமி குதிரை. அப்புறம் மாலை, துண்டு, தோளில் ஊர்வலம்.

கோயிலில் இறக்கி வைத்ததோடு சரி. வெயிலும் மழையும் தின்னும். கால் உடையும், தலை விழும், யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள். பக்கத்திலேயே அடுத்த முறை புதுக் குதிரை நிற்கும். அலட்சியம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேர்த்திக்கடன் கொடுத்ததிலேயே முடிந்துவிட்டது, காப்பாற்றி வைப்பது அதில் சேராது என்று புரிய எனக்கு நாளாயிற்று. மியூசியத்தில் கண்ணாடிக்குள் மண்குதிரையைப் பார்த்தால் இப்போதும் ஒரு சங்கடம்.

மதம் என்றதும் ‘என்ன நம்புகிறாய், எந்த நூல்?’ என்று கேட்கும் பழக்கத்துக்குப் பாதிரிமாரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அய்யனார் முதலான கிராம தேவதைகளைப் பற்றியும் எழுதினார். 1713-இல் முடித்த அந்தக் கையெழுத்துப்படி அச்சேறியது 1867-இல். இன்று புராணத்தை மட்டும் புரட்டிவிட்டு அய்யனாரைப் பற்றி எழுதுகிறவர்கள் நம் ஆட்கள்தான்.

போன வருஷம் அதே ஊருக்குப் போனேன். கோயில் வாசலில் இரண்டு சிமெண்ட் குதிரைகள், எனாமல் பளபளப்பு. “இனி செலவில்லை, நூறு வருஷம் நிக்கும்” என்றார்கள். பிடிமண் கொடுத்தீர்களா என்றேன்.

“கொத்தனாருக்கு எதுக்குங்க பிடிமண்?”

இந்தப் பக்கம் பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசாரியும் வேளார்தான். ஊர் அவர் வீட்டுப் படியேற ஒரு காரணம் குறைந்துவிட்டது. என் பழைய கேள்வித்தாளை அன்றைக்கு நீட்டியிருந்தால் இருபதுக்கும் அதே பழைய பதில்கள்தான் வந்திருக்கும். நானும் ‘மாற்றம் ஏதுமில்லை’ என்று எழுதியிருப்பேன்.