கணினி காட்டும் வெப்பநிலையை எவ்வளவு நம்பலாம்?

மின்னணுக் கருவி எவ்வளவு சூடாகும் என்று கணினியிலேயே கணக்கிடும் சிமுலேஷன் இருந்தால், மாதிரிக் கருவி செய்து சோதிக்கவே வேண்டாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அதை என்னால் ஏற்க முடியவில்லை. சிங்கப்பூரில் வெளிப்புறக் கருவிகளுக்கு வெப்பக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. மென்பொருள் சமன்பாடுகளைச் சரியாகத்தான் தீர்க்கிறது; தவறு நாம் கொடுக்கும் எண்களில் இருக்கிறது. சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) உள்ள தீட்டா ஜேஏ மதிப்பு, அதாவது ஒரு வாட்டுக்குச் சிப்பின் உள்பகுதி சுற்றுக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்ற எண், மின்னணுத் தரநிலை அமைப்பான ஜெடெக் வரையறுத்த சோதனைப் பலகையில் அளந்தது. நம் பலகையில் செம்பு அடுக்குகள் வேறு, பக்கத்தில் சூடாகும் பாகங்கள் வேறு. அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சிப்பு செலவிடும் வாட்டால் பெருக்கினால் சிப்பின் உள்வெப்பம் பல டிகிரி தப்பும்.

மின்விசிறி இல்லாத பெட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. பளபளக்கும் அலுமினியத்தின் வெப்ப உமிழ்திறன் (மேற்பரப்பு வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் அளவு, 0 முதல் 1 வரை) பெரும்பாலும் 0.1-க்குள்தான்; அனோடைஸ் செய்ததற்கு, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றியதற்கு, ஏறக்குறைய 0.8. பூச்சில்லாத பெட்டிக்கு 0.8 என்று போட்டுவிட்டோம் ஒருமுறை. சுற்றுவெப்பமும் 25 டிகிரி என்று வைத்திருந்தோம். இங்கே மதியம் நிழலிலேயே 32 வரும்! வெயிலில் வைத்த அன்றே கருவி அணைந்துபோனது.

அப்புறம், அளவீட்டிலும் பிழை உண்டு. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் தடித்த கம்பி சின்னச் சிப்பிலிருந்து வெப்பத்தை இழுத்துவிடும், எண் குறைவாகத் தெரியும். மெல்லிய கம்பியால் அளந்து, அதை வைத்து மாடலைத் திருத்துங்கள்.