கடைசி இலைக்குக் கீழே ஓர் ஏணி

மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஓ. ஹென்றியின் ‘கடைசி இலை’ இருக்கிறது. நேற்று இரவு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், “நம்பிக்கை இருந்தா நோய் குணமாயிடும், அதானம்மா இந்தக் கதை?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவள் தூங்கிய பிறகு கதையை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ், ஓவியர்கள் வாடகை குறைவு என்று தேடிவந்து குடியேறிய பகுதி. ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் சூ, ஜான்சி என்று இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ்ந்து படம் வரைகிறார்கள். நவம்பரில் ஜான்சிக்கு நிமோனியா. எதிர்ச் சுவரில் படர்ந்திருக்கும் கொடியின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்வதை எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறாள். கடைசி இலை விழும்போது நானும் போய்விடுவேன் என்கிறாள். கீழ்த்தளத்தில் பெர்மன் என்று ஒரு கிழவர், அறுபது தாண்டியவர். நாற்பது வருடம் தூரிகை பிடித்தும் ஓவியராகத் தேறாதவர். குடிப்பார், எரிந்து விழுவார். தன் தலைசிறந்த ஓவியத்தை வரையப்போவதாகச் சொல்லிச் சொல்லியே இருபத்தைந்து வருடமாக ஒரு வெற்றுத் திரையை நிறுத்தி வைத்திருக்கிறார். இலை விழுந்த அந்த இரவு, மழையும் பனியும் கலந்து கொட்டும்போது, ஏணியை இழுத்துப்போட்டு ஏறி அதே இடத்தில் ஓர் இலையை வரைந்துவிடுகிறார். விழாத இலையைப் பார்த்து ஜான்சி பிழைக்கிறாள். நனைந்த பெர்மன் இரண்டே நாளில் நிமோனியாவில் இறந்துபோகிறார்.

ஜான்சியின் நம்பிக்கை அவளைக் காப்பாற்றியது என்று பாடம் நடத்துகிறார்கள். அவளிடம் நம்பிக்கை எங்கே இருந்தது? ஒரு துளிகூட இல்லை. நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று தலையணையில் முகம் புதைத்து சூ கேட்கும்போதுகூட அவள் பதில் சொல்லவில்லை. நம்பிக்கையை வேறு இரண்டு பேர் தங்கள் கையால் செய்து கொண்டுவந்து அவள் கண்ணெதிரே வைத்தார்கள்.

இரண்டு பேர் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் சூவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிழைக்கப் பத்தில் ஒரு வாய்ப்புதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனதும் அவள் தனியாக நின்று கைக்குட்டை கூழாகும்வரை அழுகிறாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரைபலகையைத் தூக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி ஜான்சியின் அறைக்குள் போகிறாள். மருத்துவர் சொன்னதையும் மாற்றிச் சொல்கிறாள், பிழைக்கப் பத்து பங்கு என்றால் பிழைக்காமல் போக ஒரு பங்குதானாம் என்று. கண்ணீருக்கும் சீட்டிக்கும் நடுவில் அந்தக் கதவு இருக்கிறதே, நோயாளியோடு மருத்துவமனையில் தங்கியிருந்த யாருக்கும் அது தெரியும். நோயாளிக்கு ஒயின் வாங்கப் பணம் வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து பத்திரிகைக்குப் படம் வரைகிறாள். கதையின் முடிவில் மருத்துவர் சூவைப் பார்த்துத்தான் ‘நீ ஜெயித்துவிட்டாய்’ என்கிறார். இனிமேல் சாப்பாடும் கவனிப்பும்தான் வேண்டும் என்கிறார். இந்த வரியைக் கேள்வித்தாளில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆறு வருடத்துக்கு முன் அப்பாவும் நுரையீரல் தொற்றோடு பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பார்க்க வந்த அத்தனை பேரும் ‘மனச தைரியமா வச்சுக்கங்க, எல்லாம் சரியாயிடும்’ என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் வீடு திரும்பியதும் அப்பா என்னிடம், “எனக்கு தைரியம் பத்தலையோ, அதான் இத்தனை நாள் இழுத்துடுச்சோ?” என்று கேட்டார். நுரையீரலில் கிருமி, அதற்கும் அவர்மேலேயே குற்றம். அன்றிலிருந்து நான் நோயாளியிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்வதில்லை.

அந்தப் பதினொரு நாளும் ராத்திரி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்தது சித்தப்பா. தைரியம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் கட்டிலருகே வந்து, தென்னைக்கு இந்த வருடம் எப்போது உரம் வைக்கலாம், வடக்கு வரப்பில் வாழை போடலாமா என்று அப்பாவிடம் யோசனை கேட்பார். ஓ. ஹென்றியின் மருத்துவர் சொல்வதும் இதுதான். குளிர்கால அங்கியின் கை இந்த வருடம் என்ன பாணியில் வருகிறது என்று ஜான்சியை ஒரு கேள்வி கேட்க வைத்துவிடு, பிழைக்கும் வாய்ப்பைப் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாக்குகிறேன் என்பார்.

கதை வந்தது 1905இல். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928, நோயாளிகள் கையில் பரவலாகக் கிடைத்தது 1940களில். அன்றைக்கு நிமோனியா வந்தால் கவனிப்பும் கஞ்சியும் காத்திருப்பும்தான் வைத்தியம். மரணத்தின் படைத்தலைவன் என்று அதை வர்ணித்தவர் வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவரே. அதனால் இந்தக் கதையைக் காட்டி இன்றைக்கு யாரும் மருந்தை நிறுத்திவிட்டு நம்பிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கதையிலும் மருத்துவர் கடைசிவரை படியேறி வந்துகொண்டேதான் இருக்கிறார்.

ஓ. ஹென்றிக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. அவருக்கு மூன்று வயதிலேயே அம்மா காசநோயில் போய்விட்டார். வங்கிப் பணக் கையாடல் வழக்குக்குப் பயந்து ஹோண்டுராஸுக்கு ஓடியவர், மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்ததும் திரும்பி வந்தார், கைது காத்திருக்கிறது என்று தெரிந்தே. 1897இல் மனைவியும் காசநோயில் இறந்தார். அடுத்த வருடம் ஒஹாயோ சிறைக்குப் போனார். மருந்தாளுநர் உரிமம் இருந்ததால் அங்கே இரவு நேரத்தில் மருந்து கொடுப்பவராக வேலை. மகளிடம் அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்தார்கள். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். நோயாளியின் படுக்கை அருகே எதைச் சொல்வார்கள், எதை மறைப்பார்கள் என்பதை வாழ்ந்து தெரிந்துகொண்டவர் எழுதிய கதை இது.

பெர்மன் வரைந்த இலை எப்படிப்பட்டது என்று நேற்றுதான் கவனித்தேன். காம்பருகே கரும்பச்சை, ஓரமெல்லாம் மஞ்சள். அழுகத் தொடங்கிவிட்ட இலை. மறுநாள் அவர் வண்ணத்தட்டில் பச்சையும் மஞ்சளும் குழைத்துக் கிடந்தன என்று சூவும் சொல்கிறாள். பளபளவென்று ஒரு பச்சைத் தளிரை வரைந்திருந்தால் ஜான்சி நம்பியிருக்க மாட்டாள், அவளும் ஓவியர்தானே. தன்னைப் போலவே வாடி, இன்றோ நாளையோ விழப்போகிற ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டதால்தான் அவளுக்குக் கஞ்சி குடிக்கத் தோன்றியது. நாற்பது வருடம் தோற்ற ஒரு கைக்கு அந்த மஞ்சளை எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது! இருட்டில், லாந்தர் வெளிச்சத்தில், இருபது அடி உயரத்தில், விறைத்த விரல்களோடு.

இதைத் தியாகம் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லில் பூமாலை வாசனை அடிக்கிறது. பெர்மன் உயிரைக் கொடுக்கக் கிளம்பவில்லை. இலை விழுந்தால் சாவார்களா, இதென்ன முட்டாள்தனம் என்று சூவிடம் கத்தியவர் அவர். மேலே வந்து சன்னல் வழியாகக் கொடியைப் பார்க்கிறார், பிறகு அவரும் சூவும் ஒருவரையொருவர் பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ஏணி ஏறிய இரவை ஆசிரியர் எழுதவே இல்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. நனைந்த காலணியும் எரிந்துகொண்டே இருந்த விளக்கும் சிதறிய தூரிகைகளும்தான் பிறகு சொல்லின.

சூ எல்லாவற்றையும் ஜான்சியிடம் சொல்வதோடு கதை முடிகிறது. கேட்ட ஜான்சி என்ன சொன்னாள் என்று எழுதவில்லை.

அப்பா வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்து, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர் வாய்தவறிச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா மருத்துவமனையில் இருந்த மூன்றாம் நாளே தோட்டத்து மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. தென்னைக்குத் தண்ணீர் நன்றாகப் பாய்கிறது என்று சித்தப்பா தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்தது, கடன் வாங்கி மோட்டாரைச் சரிசெய்ய ஓடிக்கொண்டே. அன்று சாயங்காலம் அப்பா சித்தப்பா வீட்டுக்கு நடந்தே போனார். இரண்டு பேரும் இருட்டும்வரை திண்ணையில் உட்கார்ந்து, இந்த வருடம் மழை எப்போது பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பேச்சே வரவில்லை.