அழட்டும், விடுங்கள்

பையனுக்கு ‘அஞ்சலி’ படம் போட்டுக் காட்டினேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே சொந்தக்காரர் ஒருவர், “சின்னப் பிள்ளைக்குப் போய் அந்த அழுகைப் படத்தையா காட்டுவ? மனசுல நின்னுடும்ப்பா” என்று எழுதினார். நிற்கட்டும் என்றுதானே காட்டினேன்! இதே மனிதர் ஆறு வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய நடிகர் படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு வந்தவர். இடைவேளைக்குள் அதில் எத்தனை கழுத்து அறுபட்டது என்று எண்ணி மாளாது. அது மட்டும் மனதில் நிற்காதாம்.

இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. வெட்டும் குத்தும் ‘சும்மா சினிமாதானே’ என்று போய்விடுகிறது. ஒரு குழந்தை சாவதையோ ஒரு அம்மா உடைந்து அழுவதையோ காட்டினால் ‘பிஞ்சு மனசு’ என்று பதறுகிறோம். நான் சின்ன வயதில் பார்த்த சண்டைப் படங்கள் ஏராளம். யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்று ஒன்றும் நினைவில்லை. அழவைத்த படமும் நடுங்கவைத்த படமும்தான் இன்னும் கூடவே வருகின்றன.

‘அஞ்சலி’ 1990-இல் மணிரத்னம் எடுத்தது, இளையராஜாவின் 500-ஆவது படம். ஷாமிலி, தருண், ஸ்ருதி மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. சிறுவனாகப் பார்த்தபோது எனக்கு அது அந்த அடுக்குமாடிப் பிள்ளைகளின் படம். அவர்கள் கும்பலாகச் சேர்ந்து அடிக்கும் லூட்டிக்காகவே பிடித்தது. ரகுவரன் கிட்டத்தட்ட வில்லன். பிறந்த குழந்தை இறந்துவிட்டது என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, ரகசியமாக எங்கோ போய்வருகிற ஆளை வேறு எப்படிப் பார்ப்பது?

இப்போது பார்த்தால் படமே அவருடையதாக இருக்கிறது. அதிக நாள் தங்காது என்று தெரிந்த குழந்தையை மனைவி கண்ணில் படாமல் தனியாகச் சுமந்தவர். தன்னிடம் ஒட்டவே மறுக்கும் மகளை ரேவதி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுக்கும் பகுதியெல்லாம் சிறுவயதில் எனக்கு இழுவையாகத் தெரிந்தது. இந்தத் தடவை அங்கேதான் தொண்டை அடைத்தது. பையன் பார்த்துவிடக் கூடாதே என்று தண்ணீர் குடிப்பதுபோல் எழுந்து போனேன்.

அவன் அழவில்லை, அதுதான் வேடிக்கை. படம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, “அவங்கப்பா சொன்னது நல்ல பொய்யா, கெட்ட பொய்யா?” என்றான். நல்ல பொய்தான் என்றேன் நான். “பெத்தவகிட்ட போய் பிள்ளை செத்துப்போச்சுன்னு சொல்றது எந்த ஊர்ல நல்ல பொய்?” என்று மனைவி பிடித்துக்கொண்டார். தட்டு காயக் காய வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. கழுத்தறுக்கும் படம் எதுவும் எங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சைக் கிளப்பியதில்லை.

பயத்துக்கு வருகிறேன். 1995-இல் கோடி ராமகிருஷ்ணா தெலுங்கில் எடுத்த ‘அம்மோரு’, தமிழில் ‘அம்மன்’ என்று வந்தது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணல் தரையில், பெண்கள் பக்கம் அத்தை மடியில் உட்கார்ந்து பார்த்தேன். ராமி ரெட்டி திரையில் வந்து அந்தக் கண்ணை உருட்டியதும் அத்தை என் முகத்தைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டார். சேலை மெல்லிசு. எல்லாம் தெரிந்தது. கடைசியில் ரம்யா கிருஷ்ணன் உக்கிரமாக எழுந்தபோது முன்னால் இருந்த ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. சுற்றிலும் குலவைச் சத்தம். அப்புறம் கொஞ்ச நாள் ராத்திரி கொல்லைப்பக்கம் ஒதுங்க எனக்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது உண்மைதான். அதனால் நான் கெட்டுப்போய்விட்டதாகத் தெரியவில்லை. பயப்படலாம், பயந்தால் பக்கத்தில் ஒரு மடி இருக்கும், படம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அங்கேதான் பழகியது. அதே இயக்குநரும் தயாரிப்பாளர் ஷ்யாம் பிரசாத் ரெட்டியும் சேர்ந்து 2009-இல் ‘அருந்ததி’ கொடுத்து அடுத்த தலைமுறையையும் ஒரு வழி செய்தார்கள். என் அக்கா பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பயமும் அழுகையும் மட்டும்தான் நிற்கும் என்று சொல்ல வரவில்லை. ‘மாயா பஜார்’ 1957-இல் வந்த படம். ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டில் ரங்காராவ் உட்கார்ந்த இடத்திலேயே லட்டுகள் தானாகப் பறந்து வாய்க்குள் போகும் காட்சியை இன்றைக்குப் போட்டாலும் பையன் வாயைப் பிளக்கிறான். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மார்கஸ் பார்ட்லி கேமராவை வைத்தே செய்த வித்தை.

சரி, சென்சார் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். 2024-இலிருந்து யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் யு/ஏ என்பது பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். வாசலில் நிறுத்தி யாரும் வயது கேட்கப்போவதில்லை. முடிவு நம் கையில் இருக்கிறது. நாமோ நடிகரின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

‘குழந்தைகள் படம்’ என்று எடுக்கிறவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு நாய், ஒரு அசட்டுப் போலீஸ்காரர், கடைசியில் ஒரு அறிவுரை என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் துக்கம் புரியாது என்று யார் சொன்னது? மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில், விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பாட்டி தோசை மாவில் பீட்சா சுட்டுக் கொடுப்பார். அந்தப் பாட்டி நடுவிலேயே இறந்துபோவார். அதற்காகப் படம் மைக் வைத்து ஒப்பாரி பாடாது. பாட்டி போன பிறகும் பிள்ளைகளுக்குப் பீட்சா ஆசை போகாது. நம் வீட்டுச் சாவுகளிலும் பிள்ளைகள் அப்படித்தானே இருக்கிறார்கள்?

அதையும் காட்டியாயிற்று. பாட்டி ஏன் செத்தார் என்று கேட்டுவிட்டு, தோசை மாவில் பீட்சா வேண்டும் என்றான். வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் தூவிச் சுட்டுக் கொடுத்தோம். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டான்.