பெயரையுமா விற்பார்கள்?

ஜெர்மனியின் டார்ட்மண்ட் கால்பந்து அணியின் மைதானம் எனக்கு இன்றும் வெஸ்ட்ஃபாலன்தான். 2005இல் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை ஒட்டினார்கள். என் வாயில் நுழையவே இல்லை. இங்கிலாந்தின் நியூகாசில் அணியின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு 2011இல் விளையாட்டுப் பொருள் கடையின் பெயர். மறு ஆண்டே பழைய பெயரை மீட்டுத் தந்தது யார் தெரியுமா? வட்டிக்கடை! ஆட்டக்காரர்களின் சட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட அதே நிறுவனம்.

அது எங்கோ நடக்கிறது என்று இருந்தேன். போன வாரம் குமரிக் கடற்கரையில் தூத்தூர்ப் பக்கம் ஒரு போட்டி. மீன்வலை கட்டிய கோல் கம்பம், கால் புதையும் மணல். ஒலிபெருக்கியோ மூச்சுக்கு மூச்சு ஒரு நகைக்கடையின் பெயரைச் சொல்லி, "மைதானத்திற்கு வரவேற்கிறோம்" என்றது. பக்கத்தில் நின்ற மாமா திகைத்துவிட்டார்.

"மக்களே, நாம் இடம் மாறி வந்துவிட்டோமோ?"