எச்.ஐ.வி வகுப்பில் பொடியன்களும் வாய்திறந்து கேட்கவேண்டும்

உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் திருகோணமலையிலும் பதாகை கட்டுகிறோம், சிவப்பு நாடா குத்துகிறோம், கருத்தரங்கு வைக்கிறோம். அங்கே சொல்லித்தரும் விஷயங்களில் பிழையில்லை. ஆனால் ஆம்பிளை என்றால் எல்லாம் தெரிந்திருக்கவேண்டும், பெண்பிள்ளை என்றால் ஒன்றும் தெரிந்திருக்கக்கூடாது என்று வளர்த்துவிட்டு, சந்தேகம் கேளுங்கள் என்றால் யார் கேட்பார்கள்?

உப்புவெளிப் பக்கம் ஓர் இளைஞர் கழகத்தில் நடந்த அமர்வில் நானும் இருந்தேன். ஆணுறையை எடுத்துக் காட்டியதும் பின்வரிசைப் பொடியன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் குனிந்து கொப்பியைப் பார்த்தார்கள். "சந்தேகம் இருக்கா தம்பிமார்?" "இல்லை சேர், எல்லாம் தெரியும்." அப்புறம் பெயர் போடாமல் துண்டில் எழுதித் தரச் சொன்னார்கள். அதே பொடியன்களின் துண்டுகளில், நுளம்பு கடித்தால் வருமா, பார்க்க நல்ல சுகமாக இருக்கிற ஆளுக்கும் இருக்குமா என்றெல்லாம் கேள்விகள். ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தாள்: "ஆணுறை பாவிக்கச் சொன்னால், உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாரே?"

அதை வாசித்து மனம் பதறிவிட்டது. தெரிந்துவைத்திருந்தாலே கெட்ட பெயர் என்றால், அவளுக்கு எவ்வளவு படிப்பித்தும் என்ன பிரயோசனம்? அந்தப் பாடம் முதலில் அவளைச் சந்தேகப்படப்போகிறவனுக்குத்தான் வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் எச்.ஐ.வி பரிசோதனையும் செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்ததே, அதில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஆம்பிளைக்கு அப்படியொரு சந்தர்ப்பம் தானாக வருவதில்லை, அவனாகப் போனால்தான் உண்டு. நாட்டில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மனைவிக்குத் தொற்று என்று முதலில் தெரியவந்தால் ஊர் பழி சொல்வதும் அவளைத்தான், அது பெரிய அநியாயம்.

ஆணோடு உறவுள்ள பொடியனுக்கு அந்த மண்டபத்தில் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அவனும் எங்கள் பிள்ளைதானே?

எச்.ஐ.வி தொற்றியிருக்கலாம் என்று பயப்படுகிற ஒருவர், அந்தச் சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் எடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது. ஏ.எல் முடித்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

கழகங்களில் இருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, அடுத்த அமர்வை ஒரு கேள்விப் பெட்டியோடு தொடங்குங்கள். பொடியன்களோடு வெட்கப்படாமல் பேசக்கூடிய ஓர் அண்ணாவையும் கூப்பிடுங்கள். அந்தப் பெண்பிள்ளையின் கேள்வியை அவர்கள் முன்னால் சத்தமாக வாசித்து, அவர்களையே பதில் சொல்ல விடுங்கள்.