நிலா வெளிச்சமும் பால்மரமும்

ஒரு பௌர்ணமி இரவு, எதிர்வீட்டு அக்கா தம் பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசல் வெளியில் வைத்துக்கொண்டிருந்தார். "நிலா வெளிச்சம் பட்டால் செடி மதமதவென்று வளரும், தம்பி" என்றார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். வளர்பிறையில் விதை, தேய்பிறையில் மூங்கில் வெட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

முழுநிலவு உச்சியில் நிற்கும்போதுகூடத் தரையில் விழுவது ஏறத்தாழ கால் லக்ஸ் ஒளிதான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். 4 லட்சம் மடங்கு வித்தியாசம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மணி நேரம் விடாமல் நிலவு காய்ந்தாலும், உச்சி வெயில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டிவிடும் ஒளிக்கு மேல் தேறாது. இலை இரவெல்லாம் சுவாசித்துச் செலவழிக்கும் சத்தை ஈடுகட்ட அது எந்த மூலைக்கு? அரைநிலவு தருவது முழுநிலவில் பாதியும் அல்ல, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. என் பாட்டி முப்பது வருடம் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். "நிலாக் காலத்தில் பால் நன்றாக இறங்கும்" என்று அவர் சொன்னதை நான் இன்றும் நம்புகிறேன். காரணம்தான் வேறு. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் மரத்தில் நீர் தங்கி, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். அப்போது கத்தி பட்டால் பால் வெட்டுக் கோடு வழியே ஓடிவந்து மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும். வெயில் ஏற ஏற இலை நீரை இழுத்துக்கொள்ள, அழுத்தம் குறைந்து ஓட்டமும் தளர்ந்துவிடும். பால்மரக் காட்டில் விடியுமுன் இறங்குவது இதற்காகத்தான். நிலா இருந்தால் பாட்டிக்கு மர நிரை தெரியும், பாம்பு தெரியும், கால் தடுமாறாது. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்ததும் வேகமாக நடந்து, குளிர் விலகுமுன் கூடுதலாகச் சில மரங்களை வெட்டியிருப்பார். இன்னொன்று: நிலா பளிச்சென்று தெரிகிறது என்றால் மழை இல்லை, பட்டை நனையவில்லை. பட்டை நனைந்தால் அன்றைய வெட்டே போயிற்று. நிலா உதவியது பாட்டிக்கு. மரம் தன் வேலையை இருட்டில் செய்துகொண்டிருந்தது.

அந்த இருட்டைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. தைப்பிங் ஏரிக்கரையில் கிளை தாழ்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆனால் இலை மடிந்துவிடும்; மலாய்க்காரர்கள் அதற்குப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி இரவில் இலை மடிக்கும் செடிகளைப் பற்றி, ஜெர்மன் தாவரவியலாளர் எர்வின் புன்னிங் 1969இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நிலவொளி இலையில் அதிகம் விழுந்து, செடி இரவின் நீளத்தைக் கணக்கிடுவதைக் குழப்பிவிடாமல் இருக்கவே அது இலையை மடிக்கிறது என்று. நாம் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிலாவைத் தேடி ஓடுகிறோம். செடி நிலாவுக்கு முதுகைக் காட்டுகிறது.

அக்காவின் கதைக்கு வருகிறேன். அவர் வீட்டுச் செவ்வந்தி தழைத்துக்கொண்டே போயிற்று, பூக்கவில்லை. சட்டி இருந்த இடம் தெருவிளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே, கேட்டை ஒட்டி. செவ்வந்தி நீண்ட இருளை எண்ணிப் பூக்கிற செடி. கேமரன் மலையில் பூ வளர்ப்பவர்கள் தண்டு உயரும்வரை மொட்டு வைக்காமல் இருக்க இரவில் விளக்குப் போடுவது இதனால்தான். "அக்கா, சட்டியைப் பின்கட்டில், விளக்கு படாத இடத்தில் வையுங்கள். பகல் வெயில் மட்டும் குறையவேண்டாம்" என்றேன். அரைமனதாகத்தான் நகர்த்தினார். ஐந்தாவது வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: நுனியில் மிளகளவு மொட்டுகள், இலைப் பச்சையிலேயே, விரலால் தடவினால்தான் தட்டுப்படுகிற மாதிரி. எண்ணினோம், பதினொன்று.

நிலா பார்த்து நாற்று நடுபவர்கள் தாராளமாக நடட்டும். செடிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பூக்காத செவ்வந்தி உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்று இரவு வாசலுக்குப் போய் எந்த விளக்கு அதன்மேல் விழுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.